‘ஏழே நாளில் பிரசுரம்’ என்று மெயில் வருகிறதா? யுஜிசி பட்டியல் போன பிறகு கணித ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கணிதத்தில் பிஎச்.டி. செய்யும் யாரையாவது தெரிந்தால், அவருடைய மெயில் பெட்டியை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே" என்று ஆரம்பிக்கும் கடிதம் நாலைந்தாவது இருக்கும். உங்கள் அருமையான ஆய்வை எங்கள் சர்வதேச இதழில் வெளியிட ஆசைப்படுகிறோம், ஏழு நாளில் பிரசுரம், கட்டணம் ரொம்பக் குறைவு என்கிற தொனியில் போகும். பெறுபவர் பேராசிரியரே கிடையாது. பல நேரம் இதழின் பெயருக்கும் கணிதத்துக்கும் கூட சம்பந்தம் இருக்காது.

சிரித்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி நெருங்கி, பல்கலைக்கழகம் "வெளியான கட்டுரை இருக்கா?" என்று கேட்கும்போது, அதே மெயில் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். உதவித்தொகை முடிந்திருக்கும். வீட்டில் கேள்வி வந்திருக்கும். நல்ல இதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு எட்டு மாதமாகப் பதிலே இல்லை. சில ஆயிரம் ரூபாய் கட்டினால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அங்கேதான் வருகிறது.

கட்டணம் போனால் போகிறது, அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. ஒரு தேற்றத்தை ஓர் இதழில் வெளியிட்டுவிட்டால், அதையே இன்னோர் இதழுக்கு அனுப்ப முடியாது. அது இரட்டைப் பிரசுரம் ஆகிவிடும். மூன்று வருடம் உழைத்துக் கண்டுபிடித்த முடிவு, நாளைக்கு யாரும் மதிக்காத ஒரு பெயரின் கீழ் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும்.

இந்தப் பிரச்னை இப்போது ஏன் கூடியிருக்கிறது?

யுஜிசி-யில் என்ன மாறியது?

2016-ம் ஆண்டு விதிமுறைப்படி, பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மதிப்பீடு செய்யப்படும் இதழில் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் பேசியிருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறை இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அத்துடன் கதை முடிந்தது என்று நினைத்தால் தவறு. யுஜிசி கேட்கவில்லையே தவிர, தங்கள் அளவில் இந்த நிபந்தனையைத் தொடரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, பதவி உயர்வின்போது கட்டுரை எண்ணிக்கை எப்படியும் கேட்கப்படும். ஆக, வாசலில் இருந்த காவலாளிதான் போனார், வாசல் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்தது இதழ்களின் பட்டியல். எந்த இதழ் நல்லது என்று சொல்ல யுஜிசி ஒரு பட்டியல் வைத்திருந்தது. அதில் போலிகள் நுழைந்துவிட்டதாகப் புகார் கிளம்பி, 2018 மே மாதம் ஒரே மூச்சில் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதன் பிறகு ‘யுஜிசி-கேர்’ என்ற புதிய பட்டியல் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 2024 அக்டோபரில் அதைக் கைவிட முடிவெடுத்து, 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். இனி பட்டியல் கிடையாது, அதற்குப் பதிலாக 36 அளவுகோல்கள், அவற்றை வைத்துக் கல்வி நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்பதுதான் இப்போதைய நிலை.

மையப்படுத்திய பட்டியலுக்கு எதிரான விமர்சனங்களில் நியாயம் இருந்தது. சேர்க்கத் தாமதம், நீக்கத் தாமதம், நடுவில் போலிகளின் பெயர்த் திருட்டு. ஆனால் நடைமுறையில், பட்டியல் போனதும் முடிவெடுக்கும் சுமை யார் தலையில் விழுந்திருக்கிறது? ஒரு சிறு நகரக் கல்லூரியில், நூலகத்தில் நாலு கணித இதழ் கூட இல்லாத இடத்தில் படிக்கும் மாணவர் தலையில்.

கணிதக் கட்டுரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள்?

‘ஏழு நாள்’ என்ற வார்த்தையை ஒரு கணிதக்காரர் கேட்டதுமே சந்தேகப்பட வேண்டும். காரணம் எளிது. கணிதக் கட்டுரையில் மதிப்பீட்டாளர் செய்ய வேண்டியது, நிரூபணத்தை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து வருகிறதா என்று பார்ப்பது. இருபது பக்கக் கட்டுரைக்கு ஒரு வாரம் உட்கார வேண்டியிருக்கும், அதுவும் அந்தத் துறையே தெரிந்தவர் என்றால். அவருக்கு இதற்குச் சம்பளம் இல்லை. அவருக்கும் வகுப்பு இருக்கிறது, தேர்வுத்தாள் இருக்கிறது. எனவே கட்டுரை அனுப்பி ஏற்கப்படுவதற்கு மாதக் கணக்கில் ஆவது சாதாரணம். ஒரு வருடம் தாண்டுவதும் அதிசயம் இல்லை. அமெரிக்கக் கணிதக் கழகம் எந்த இதழில் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று பட்டியலே போடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாமதத்தால் என்ன பயன்? ஆண்ட்ரூ வைல்ஸ் கதை தெரிந்ததுதான். 350 ஆண்டுகளாக நிரூபிக்கப்படாமல் இருந்த ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. ஆனால் கைப்பிரதியைப் படித்த மதிப்பீட்டாளர்களின் கேள்வியில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைக்க, தன் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரையும் சேர்த்துக்கொண்டு, 1994 செப்டம்பர் வரை போராடினார் வைல்ஸ். 1995-ல்தான் கட்டுரை அச்சில் வந்தது. யாரும் படிக்காமல் 1993-லேயே அச்சிட்டிருந்தால்?

இன்னொரு உதாரணம் தாமஸ் ஹேல்ஸ். பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல அடுக்குவதுதான் கோளங்களை மிக நெருக்கமாக வைக்கும் முறை என்ற கெப்ளரின் கூற்றை, கம்ப்யூட்டர் கணக்குகளின் உதவியுடன் 1998-ல் நிரூபித்தார். 12 மதிப்பீட்டாளர்கள் நான்கு வருடம் படித்தார்கள். கடைசியில் "99 சதவீதம் உறுதி, முழுசாகச் சரிபார்க்க முடியவில்லை" என்ற அளவில் கையை விரித்தார்கள். கட்டுரை 2005-ல் வந்தது. அந்த ஒரு சதவீதம் ஹேல்ஸைத் தூங்க விடவில்லை போல. ஒரு குழுவையே சேர்த்து, ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரே சரிபார்க்கும் வகையில் நிரூபணத்தை மறுபடி எழுதி, 2014-ல்தான் முடித்தார்.

எல்லா ஆய்வும் இந்த உயரத்தில் இருக்காது. ஆனால் சின்னக் கட்டுரைக்கும் விதி ஒன்றுதான்: யாரோ ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஏழு நாளில் பிரசுரம் என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். 2012-ல் இதை ஒருவர் சோதித்தே காட்டினார். கணிதக் கட்டுரை மாதிரியே தோன்றும் அர்த்தமற்ற வாக்கியங்களை எழுதித் தள்ளும் ஒரு புரோகிராமை உருவாக்கினார் அமெரிக்கக் கணிதவியலாளர் நேட் எல்ட்ரெட்ஜ். அது எழுதிய ஒரு கட்டுரையை, இல்லாத ஆசிரியர் பெயரில் ஓர் இதழுக்கு அனுப்பினார். சிறு திருத்தங்கள் கேட்டு, ஏற்றுக்கொண்டார்கள். வெளியிட 500 டாலர் கட்டணம் கட்டவில்லை என்பதால்தான் அது அச்சில் வரவில்லை.

எண்ணிக்கையை வைத்து அளந்தால்…

‘அதெல்லாம் சரி, இம்பாக்ட் ஃபேக்டர் பார்த்து நல்ல இதழைத் தேர்ந்தெடுக்கலாமே?’ என்று கேட்பீர்கள். மற்ற துறைகளில் அது ஓரளவு வழிகாட்டும். கணிதத்தில் அது ரொம்ப எளிதாக ஏமாற்றும்.

கணிதத்தில் ஒருவர் வருடத்துக்கு ஒன்றிரண்டு கட்டுரை எழுதினாலே நல்ல உழைப்பு. ஒரு நல்ல கட்டுரைக்குப் பத்து வருடம் கழித்துத்தான் மேற்கோள்கள் வர ஆரம்பிக்கலாம். ஆக மொத்த எண்களே சின்னவை. இருபது முப்பது பேர் கூட்டு சேர்ந்து ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டால் போதும், உலகத் தரவரிசையே கலைந்துவிடும். இது கற்பனை இல்லை. உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் பட்டியலை வருடாவருடம் வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம், 2023-ல் கணிதப் பிரிவையே அந்தப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. காரணமும் இதுதான்: எண்கள் சின்னவை, சின்னத் தில்லுமுல்லும் முடிவைக் கோணலாக்கிவிடுகிறது.

அதற்கு முன்பு எந்த அளவுக்குப் போயிருந்தது தெரியுமா? 2019 பட்டியல்படி, உலகத் தரக் கணித ஆய்வாளர்கள் அதிகம் இருந்த பல்கலைக்கழகம் தைவானில் இருந்தது. அங்கே கணிதம் ஒரு பாடமாகவே நடத்தப்படவில்லை!

இதைச் சுட்டிக்காட்டியது, சர்வதேசக் கணித ஒன்றியமும் பயன்பாட்டுக் கணிதத்துக்கான சர்வதேசக் கவுன்சிலும் சேர்ந்து அமைத்த குழு. ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்கா அக்ரிகோலா தலைமையிலான அந்தக் குழு 2025-ல் தன் ஆய்வை வெளியிட்டது. கட்டுரைகளைத் தயாரித்து விற்பவர்கள், மேற்கோள்களை விற்பவர்கள், காசு கட்டினால் எதையும் போடும் மெகா இதழ்கள் என்று ஒரு முழுச் சந்தையே இயங்குவதை அது விவரிக்கிறது. கட்டணம் வாங்காத மதிப்புமிக்க கணித இதழ்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் வெளியிடுவதைவிட அதிகக் கட்டுரைகளை அந்த மெகா இதழ்கள் வெளியிடுகின்றன என்பது அதில் உள்ள முக்கியமான தகவல்.

இந்தியாவிலும் இந்த எண் விளையாட்டுக்கு ஊக்கம் கொடுத்தது தரவரிசைகள்தான். என்ஐஆர்எஃப் 2025 தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் திரும்பப் பெறும் அளவுக்குக் கவனிக்கப்படாத, யாருமே படிக்காத கட்டுரைகளை அது தொடாது.

இன்னொரு விநோதம். கணிதத்தில் கூட்டாக எழுதினால் பெயர்களை அகர வரிசையில் போடுவதுதான் உலக வழக்கம். யார் அதிகம் உழைத்தார் என்பதற்கும் வரிசைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பேராசிரியர் நியமனத்துக்கான யுஜிசி-யின் 2018 விதிமுறையில், மூன்று பேர் அல்லது அதற்கு மேல் எழுதினால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ 70 சதவீத மதிப்பெண், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதம். பெயர் ‘வி’-யில் ஆரம்பிப்பவர், கணிதத்தின் மரபைக் காப்பாற்றினால் மதிப்பெண்ணை இழக்க வேண்டியதுதான். இதைத் தெரிந்துகொண்டு, தொடர்பு ஆசிரியர் யார் என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

அப்படின்னா ஓர் இதழை எப்படிப் பார்ப்பது?

முதலில் செய்ய வேண்டியது காசு செலவில்லாத வேலை. ‘இசட்பிமேத் ஓப்பன்’ என்ற தரவுத்தளம் 2021 ஜனவரி முதல் எல்லோருக்கும் இலவசம். 1931-ல் ஜெர்மனியில் தொடங்கிய கணித மதிப்புரை இதழின் இன்றைய வடிவம் அது. கணித இதழ்களை அங்கே தேடலாம். நீங்கள் அனுப்ப நினைக்கும் இதழ் அங்கே இருக்கிறதா, அதன் கட்டுரைகளுக்கு மதிப்புரை எழுதப்படுகிறதா என்று பாருங்கள். கணிதத்துக்கென்று இருக்கும் ஒரு தரவுத்தளம் ஒரு கணித இதழைத் தொடவே இல்லை என்றால், அதன் இணையப் பக்கத்தில் எத்தனை முத்திரைகள் மின்னினாலும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலையே எடுங்கள். நீங்கள் உண்மையிலேயே படித்துப் பயன்படுத்திய பத்துப் பதினைந்து கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தன? உங்கள் கட்டுரைக்கு இயல்பான இடமும் பெரும்பாலும் அதுதான். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் சொந்தப் பக்கத்துக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அனுமதி கேட்காமலே பெயரைப் போட்டுக்கொள்ளும் இதழ்கள் உண்டு. நல்ல பழைய இதழின் பெயர், ஐஎஸ்எஸ்என் எண், அட்டை எல்லாவற்றையும் அப்படியே காப்பியடித்து நடத்தும் போலி இணையதளங்களும் இருக்கின்றன. எனவே மெயிலில் வந்த லிங்க் வழியாகப் போகாமல் பதிப்பகத்தின் முகப்புப் பக்கத்திலிருந்து போவது பாதுகாப்பு.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. ‘நல்ல இதழ் என்றால் லட்சக்கணக்கில் கட்டணும்’ என்று ஒரு நம்பிக்கை மாணவர்களிடம் பரவியிருக்கிறது. கணிதத்தில் இது கிட்டத்தட்ட தலைகீழ். மிக உயர்ந்த கணித இதழ்கள் பல, ஆசிரியரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. ‘எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடோரிக்ஸ்’ 1994 முதல் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இலவசம். இந்தியாவிலேயே, ஆர். பாலசுப்பிரமணியனும் கே. ராமச்சந்திராவும் 1978-ல் தொடங்கிய ‘ஹார்டி-ராமானுஜன் ஜர்னல்’ இன்றைக்கும் இலவசமாக வருகிறது. வெளியிட மாதங்கள் ஆகும், நிராகரிப்பும் வரும். ஆனால் நிராகரிப்புக் கடிதத்தோடு வரும் மதிப்பீட்டாளர் குறிப்பு, சில சமயம் ஒரு செமஸ்டர் வகுப்புக்குச் சமம்.

படிப்பதற்கான வசதி வேறு கதை. 6,000 கோடி ரூபாய் செலவில் மத்திய அரசு கொண்டுவந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை 2025 ஜனவரி முதல் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் எத்தனை பேர் சுயநிதிக் கல்லூரிகளில் ஆய்வு செய்கிறார்கள் என்று யோசித்தால், இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது புரியும். அவர்களுக்கு இருக்கும் பெரிய நூலகம் ‘ஆர்க்கைவ்’. 1991-ல் தொடங்கிய இந்த இலவசத் தளத்தில் இன்றைய கணிதக் கட்டுரைகளில் பெரும்பகுதியின் முன்வரைவு கிடைக்கும். போன்காரே கருதுகோளை நிரூபித்த கிரிகோரி பெரல்மான், தன் கட்டுரைகளை 2002-03-ல் இங்கே போட்டதோடு சரி, எந்த இதழுக்கும் அனுப்பவே இல்லை. அவர் பெரல்மான். நாம் இதழுக்கும் அனுப்ப வேண்டும். ஆனால் அனுப்புவதற்கு முன் ஆர்க்கைவில் போட்டுவைத்தால், ‘இந்த முடிவை இந்தத் தேதியில் நான் சொன்னேன்’ என்பதற்குச் சாட்சி இருக்கும். முதல் தடவை போடுபவருக்கு ஏற்கெனவே அங்கே எழுதும் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். நெறியாளர் உதவ வேண்டிய இடம் இது.

ஆய்வேட்டை அப்படியே அனுப்பலாமா?

கூடாது. நிராகரிப்புக்கு மிகச் சாதாரணமான காரணங்களில் இதுவும் ஒன்று. ஆய்வேட்டில் முதல் அத்தியாயம் முழுக்க வரையறைகள் இருக்கும். தேர்வாளர், மாணவருக்கு அடிப்படை தெரியுமா என்று பார்ப்பார். இதழின் வாசகருக்கு ‘கிராஃப் என்றால் என்ன’ என்று சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டியது மூன்று: என்ன தேற்றம், இதற்கு முன் யார் எதுவரை போயிருந்தார்கள், நீங்கள் புதிதாகத் தாண்டியது எந்தப் படி.

அந்த மூன்றாவதில்தான் நம் ஊர்க் கட்டுரைகள் பல தடுக்கி விழுகின்றன. கிராஃப் லேபலிங் துறையையே எடுத்துக்கொள்வோம், தமிழ்நாட்டில் ஏராளமானோர் பிஎச்.டி. செய்யும் துறை. ஜோசப் கேலியன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1998 முதல் இந்தத் துறையின் கட்டுரைகளைத் தொகுத்துக்கொண்டே வருகிறார். தொகுப்பு 3,000 கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. துறையில் ஆழமான, இன்னும் விடை தெரியாத கேள்விகள் இருக்கின்றன. கூடவே, ஒரு வரையறையில் ஒரு வார்த்தையை மாற்றி, பத்துக் குடும்ப கிராஃப்களுக்குச் சரிபார்த்து, ‘புதிய லேபலிங்’ என்று பெயர் வைக்கும் கட்டுரைகளும் குவிகின்றன. மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்வி ‘இது சரியா?’ என்பதோடு நிற்காது. ‘இதனால் என்ன?’ என்றும் கேட்பார். அதற்கான பதிலை முன்னுரையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மொழி பற்றிய பயத்தையும் சொல்லிவிடலாம். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவது மலையாகத் தெரியும். உண்மையில் கணித ஆங்கிலத்துக்கு வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். ‘லெட்’, ‘சப்போஸ்’, ‘தென்’, ‘ஹென்ஸ்’ ஆகியவற்றை வைத்துக்கொண்டே பத்துப் பக்கம் ஓட்டலாம். பிழை பெரும்பாலும் வேறு இடத்தில் வருகிறது. ‘தெளிவாகவே’ என்று எழுதிய இடத்தில் ஒரு படி காணாமல் போயிருக்கும். ஒரே எழுத்து மூன்றாம் பக்கத்தில் ஓர் எண்ணையும் எட்டாம் பக்கத்தில் ஒரு கணத்தையும் குறிக்கும். டொனால்ட் குனூத் 1987-ல் ஸ்டான்ஃபோர்டில் கணித எழுத்துக்கென்றே ஒரு பாடம் நடத்தினார். அதில் சொன்ன முதல் அறிவுரைகளில் ஒன்று, வாக்கியத்தைக் குறியீட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்பது. சின்ன விஷயம்தான், கடைப்பிடித்தால் படிப்பவரின் கண் தடுமாறாது.

ராமானுஜனே இதில் மாட்டியிருக்கிறார். அவருடைய முதல் கட்டுரை 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. பெர்னோலி எண்களைப் பற்றியது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார் அதைத் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ராமானுஜன் எழுதிய சுருக்கம், சாதாரண வாசகர் பின்தொடர முடியாத அளவுக்கு இருந்ததாக அவர் பின்னர் குறிப்பிட்டார். மூளைக்குள் தெளிவாக இருப்பதும் தாளில் தெளிவாக இருப்பதும் வேறு வேறு.

‘சிமிலாரிட்டி’ எவ்வளவு வந்தால் ஆபத்து?

ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். யுஜிசி-யின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து.

கணிதத்தில் இந்த எண் தவறாக வழிநடத்தும். ‘ஒரு முடிவுறு, எளிய, இணைக்கப்பட்ட கிராஃப் என்று கொள்க’ என்பதை எத்தனை விதமாக எழுத முடியும்? வரையறையை மாற்றி எழுதினால் அர்த்தமே மாறிவிடும். பொதுவான சொற்கள், விதிகள், வழக்கமான குறியீடுகள், சமன்பாடுகள், தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே விதிமுறை சொல்கிறது. பல மாணவர்களுக்கு இது தெரியாது. சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்று நல்ல வரையறையைக் கெடுத்து எழுதுகிறார்கள். நூலகத்திலிருந்து வரும் அறிக்கையைப் பார்த்துப் பயப்படாமல், எந்தெந்த வரிகள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, விலக்கு கேட்டு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் இன்னொருவருடைய நிரூபணத்தைச் சொல்லை மாற்றி எழுதினால் மென்பொருள் பிடிக்காது, மதிப்பீட்டாளர் பிடிப்பார். அது திருட்டுதான்.

ஏஐ விஷயத்திலும் இதே எச்சரிக்கை. ஆங்கிலத்தைச் சீர்செய்ய உதவும், லேடெக் பிழையைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு மேற்கோள் தயாரித்துக் கொடுக்கும். நிரூபணமும் அப்படித்தான்: மிடுக்காக இருக்கும், நடுவில் ஒரு படி காற்றில் தொங்கும். பெயர் உங்களுடையது என்பதால் பொறுப்பும் உங்களுடையது. பயன்படுத்தினால் சொல்லிவிட வேண்டும் என்று பல இதழ்கள் கேட்கின்றன.

லேடெக்கும் சென்னையும்

கட்டுரையை வேர்டில் அடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை: பெரும்பாலான கணித இதழ்கள் லேடெக்கைத்தான் விரும்புகின்றன. இதற்குப் பின்னால் ஒரு கோபம் இருக்கிறது. 1977-ல் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கான அச்சுப் பக்கங்களைப் பார்த்த குனூத், சமன்பாடுகள் இருந்த லட்சணத்தைச் சகிக்க முடியாமல், தானே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். ஒரு வருடத்தில் முடியும் என்று நினைத்த வேலை பத்து வருடத்தை விழுங்கியது. அதுதான் டெக். அதன் மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியதுதான் லேடெக். இரண்டுமே இலவசம். கற்றுக்கொள்ள இரண்டு வாரம் போதும், முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டால் கடைசி வருடத்தில் தூக்கம் மிச்சம். இதழ் கேட்கும் கணிதப் பாட வகைப்பாட்டு எண்ணையும் கவனமாகப் போடுங்கள். கிராஃப் லேபலிங்குக்கு 05சி78. மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது இதழாசிரியர் கண்ணில் முதலில் படுவது அது.

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது பாரிஸிலோ பாஸ்டனிலோ எழுதப்பட்டதாகக் கூட இருக்கலாம். அதன் பக்கங்களைக் கோத்து அனுப்புபவர்கள் பல நேரம் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருக்கும் அலுவலகத்தில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள். உலகின் பெரிய பதிப்பகங்கள் பலவற்றின் அச்சுக்கோப்பு வேலை இங்கேதான் நடக்கிறது. உங்கள் லேடெக் கோப்பை அவர்கள் இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவார்கள். அந்த மாற்றத்தில் ஒரு கீழ்க்குறி இடம் மாறலாம், ஒரு மைனஸ் குறி கோடாகலாம், இரண்டு விதமான ‘ஃபை’ ஒன்றாகிவிடலாம். பிறகு "48 மணி நேரத்துக்குள் சரிபார்த்து அனுப்பவும்" என்று ஒரு மெயில் வரும், கூடவே வரிசையாகக் கேள்விகள். ஆளே இல்லாத இதழிடமிருந்து வரும் அவசர மெயிலைப் போலத்தான் இதுவும் முதலில் தோன்றும். தேற்றங்களையும் சமன்பாடுகளையும் அசல் கோப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் படியுங்கள். முடிந்தால் அந்தக் கட்டுரையைப் பார்க்காத ஒரு நண்பரை எதிரில் உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். அச்சுக்குப் போன பிறகு திருத்தம் போட வேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு ‘பிழைதிருத்தக் குறிப்பு’ வெளியிட வேண்டும். அதுவும் உங்கள் பெயரிலேயே கடைசிவரை நிற்கும்.